யாரும் கேட்காத கணக்கு

முதல் மாதம் நாங்கள் அதைத் தொடவில்லை.
ஆயிரத்து நூறு பிராங்க்
வங்கித் தாளில் ஒரு வரியாகக் கிடந்தது,
இரவில் கதவு தட்டிய அந்நியனைப்போல.
இருக்கச் சொல்லவும் பயம், போகச் சொல்லவும் பயம்.
குகநேசன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார்:
நிபந்தனை இல்லை, ரசீது வேண்டாம், பன்னிரண்டு மாதம்.
"பிழையாப் போட்டிருப்பாங்கள்,
பிறகு வட்டியோட கேப்பாங்கள்."
மகளை விட்டுத் தொலைபேசியில் கேட்டோம்.
சீட்டுக் குலுக்கினார்களாம். எமென்டால் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு வீடு.
எங்கள் பெயரை அந்தப் பெண்
நான்கு இடத்தில் உடைத்துச் சொன்னாளாம்.
ஆனால் எங்கள் பெயர்தான்.

கணக்கு வேண்டாம் என்றார்கள். நான் கொப்பி வாங்கினேன்.
எந்தத் திகதி, எந்தப் பாதை, யார் கூட்டிவந்தது என்று
இந்த நாட்டு வாசலில் கேட்டுக் கேட்டுப் பழக்கிய கை,
சும்மா இருக்காது.

ஒக்டோபர். சாருகாவின் கடைவாய்ப் பல்.
ஒன்றரை வருசமாய் அவள் இடப்பக்கத்தால் சாப்பிட்டது
எனக்குத் தெரியும்.
தெரியாதமாதிரிக்
கறியை மசிய அவித்துக் கொடுத்தேன்.

நவம்பர். காருக்கு நான்கு பனிச் சில்லு.
சீஸ் ஆலைக்கு இரவு வேலை; மலைப்பாதை.
இவ்வளவு காலமும் அந்த வளைவுகளில்
வண்டியை ஓட்டியது அவரல்ல,
வற்றாப்பளை அம்மன்.

டிசம்பர். எழுத வெட்கம்.
பேர்ண் ரயில் நிலையத்தில் தனிய இருந்து
ஒரு கோப்பி குடித்தேன். ஏழு பிராங்க்.
அதை இலங்கைக் காசில் பெருக்கிப் பார்க்கவில்லை.

தம்பிக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ,
தைமாதம் முல்லைத்தீவிலிருந்து எடுத்தான்.
நானூறு.
வள்ளத்து இயந்திரம் என்றான், நம்பினேன்.
கணக்குக் கேட்கவில்லை.
கேட்காமல் கொடுப்பது எப்படி என்று
இப்போது எனக்கும் தெரியும்.

மாசி. முதியோர் இல்லத்திலிருந்து ஃப்ராவ் கெர்பர்:
சலவைக்கு ஆள் இல்லை, ஞாயிறும் வரமுடியுமா?
"நைன்" என்றேன்.
பதினொரு வருசத்துக்கு முன் படித்த சொல்,
பாவித்ததில்லை. தொண்டையில் கொஞ்சம் துருப் பிடித்திருந்தது.
அவர் "சரி" என்று வைத்துவிட்டார்.
அவ்வளவுதான். அவ்வளவேதான்.

இதைச் செலவென்று எழுதமுடியாது, ஆனாலும்:
ஒவ்வொரு மாதமும் இருபதாம் திகதிக்குப் பிறகு
நானும் அவரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை.
கோபம் என்று நினைத்திருந்தோம், பதினாறு வருசமாய்.
கோபமல்ல அது.
வீட்டு வாடகை.

சித்திரையில், பனி உருகி இல்ஃபிஸ் ஆறு கலங்கி ஓடிய நாள்
மேல்வீட்டு ஊயெலியைப் பால் சேர்க்கும் இடத்தில் கண்டேன்.
பதினாலு மாடு, ஒரு பழைய டிராக்டர், பேச்சுக் குறைந்த மனிதர்.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு,
"உங்களுக்குமா?" என்றார்.
அகப்பட்ட கள்ளர் போலச் சிரித்தோம்.
மாடுகளை இரண்டு நாள் இன்னொருவரிடம் விட்டு
மனைவியோடு கடல் பார்க்கப் போனாராம்,
அறுபத்தொரு வயதில் முதல்தரம்.
கடற்கரையில் பிறந்த நான் அவரிடம் கேட்டேன்,
கடல் எப்படி இருந்தது என்று.
யோசித்தார்.
"அதுக்கும் லீவு இல்லைப்போல" என்றார்.

ஆவணியோடு முடிந்தது.
மிச்சம் இருநூற்று நாற்பது, ஒரு நல்ல பல், நாலு சில்லு.
வாடகை குறையவில்லை. கொப்பியில் பாதி வெறுமை.
யாரும் இன்னும் அதைக் கேட்கவில்லை.

பதின்மூன்றாம் மாதம் ஃப்ராவ் கெர்பர் மறுபடி எடுத்தார்:
ஞாயிறு?
போனேன்.
ஆனால் எத்தனை மணிக்கு முடியும் என்று
கேட்டுவிட்டுப் போனேன்.